இறுதி நீலம்

மாத்திரையில் வைட்டமின் சி எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைக்க வேண்டும். அதில் கொஞ்சம் ஸ்டார்ச் கரைசல் சேர்க்க வேண்டும். பியூரெட் என்கிற, அளவுக்கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாயில் அயோடினை நிரப்பி, அடியில் இருக்கிற திருகைத் திறந்து, குடுவைக்குள் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வைட்டமின் இருக்கிறவரை, விழுகிற அயோடினையெல்லாம் அது தின்றுவிடும். அது தீர்ந்துபோன பிறகு விழுகிற முதல் சொட்டிலேயே குடுவை நீலமாகிவிடும். நீலம் வந்தால் நிறுத்தவேண்டியது, எத்தனை மில்லி போயிற்று என்று எழுதவேண்டியது. கை பழகியவர்களுக்குப் பத்து நிமிஷ வேலை.

அரசு மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் இதற்கு ஒன்பது நாள் ஆனது. நீலத்தைப் பார்க்க வேண்டிய மூன்று பேரும் ஒரே நாளில் நாற்காலியில் இருப்பது அத்தனை அபூர்வம்.

இது தெரியாமல்தான் சொட்டம்மா அங்கே மாற்றலாகி வந்தாள். குடிதண்ணீர்ப் பரிசோதனை நிலையத்தில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவள். அங்கே சொட்டு எண்ணி எண்ணியே இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் வந்து சேர்வதற்கு முன்பே பெயர் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. குளோரின் பார்க்கும்போது அங்கே நீலம் மறைந்தால் நிறுத்துவாள். இங்கே நீலம் வந்தால் நிறுத்த வேண்டும். இவ்வளவுதானே வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டு முதல் மாத்திரையைப் பொடித்தாள்.

முழுச் சத்து இருந்தால் இருபத்தைந்து மில்லி அயோடின் செலவாகும். இருபத்திரண்டரைக்குக் கீழே போனால் மாத்திரை தேறாது. அன்றைக்கு வந்திருந்தது அரசு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் மாத்திரை கொடுக்கிற பெரிய கம்பெனியின் சரக்கு. இருபதரை மில்லியில் குடுவை நீலமாகிவிட்டது. அரை நிமிஷம் ஆட்டிப் பார்த்தாள். நீலம் அப்படியே நின்றது. திருகை மூடிவிட்டு நோட்டை எடுத்தாள்.

"என்ன மேடம் எழுதப் போறீங்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. துணை இயக்குநர். எப்போதும் இரண்டு பேனாவோடு நடக்கிறவர்.

"இருபதரை சார். நீலம் வந்துடுச்சு. தேறாது."

"வந்துடுச்சுன்னு யார் சொன்னா?"

சொட்டம்மா குடுவையைத் தூக்கிக் காட்டினாள்.

"மேடம், இது நீலம் இல்லைன்னு நான் சொல்லலை," என்றார் அவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்கிற நிதானத்தோடு. "ஆனா இது தற்காலிக நீலம். உங்க பதவிக்கு அவ்வளவுதான் பார்க்க முடியும். நான் பார்த்தா அது பரிந்துரை நீலம். இயக்குநர் பார்த்தாதான் இறுதி நீலம். எதை எழுதறது எதை எழுதக் கூடாதுன்னு எல்லாம் கையேட்டில இருக்கு."

"சார், கண்ணுக்கு முன்னால..."

"கண்ணு எல்லாருக்கும் இருக்கு மேடம். அதிகாரம் எல்லாருக்கும் இல்லையே."

அவர் குனிந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் விடச் சொன்னார். எட்டு சொட்டு போனபிறகு, "ம், பரிந்துரைக்கிறேன்," என்று கையெழுத்துப் போட்டார். பிறகு இயக்குநர் அழைத்துவரப்பட்டார். பருமனான, மெதுவான மனிதர். புகைக்கண்ணாடி போட்டிருந்தார். குடுவையை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார், பிறகு விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

"எங்கே நீலம்?" என்றார்.

சொட்டம்மா குடுவையை மறுபடி பார்த்தாள். குடுவைக்குள் மை கொட்டினாற்போல் இருந்தது. துணை இயக்குநரின் முகத்தைப் பார்த்தாள். அவர் கூரையில் சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க, விடுங்க. அவசரப்படாதீங்க," என்றார் இயக்குநர். முப்பத்துநாலு சொட்டு. குடுவை கறுத்துத் தார் மாதிரி ஆனதும் அவர் முகம் மலர்ந்தது. "ஆங், இப்ப வருது பாருங்க லேசா."

இருபத்திரண்டு புள்ளி ஆறு. தொண்ணூறு சதவீதத்துக்கு மேலே. மாத்திரை தேறிவிட்டது.

"நீங்க புதுசு, அதனால சொல்றேன்," என்றார் இயக்குநர் கையெழுத்துப் போட்டபடி. "முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு மாத்திரையைக்கூட அவசரப்பட்டுத் தோற்கடிச்சது கிடையாது. இந்தக் கூடத்துக்கு வர்றதுல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு தேறுது. அதுக்கு என்ன அர்த்தம்? நம்ம மருந்தெல்லாம் தரமா இருக்குன்னு அர்த்தம். அந்தத் தரத்தை உருவாக்கினது யாரு? நாமதான்."

அவர் போனதும், குடுவை கழுவுகிறவர் வந்து கறுப்புத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினார். ஐம்பத்தெட்டு வயசு ஆள், இந்தக் கட்டிடத்தில் எல்லோரையும்விடப் பழையவர்.

"பெரியவருக்கு ரெண்டு கண்ணுலயும் புரை முத்திக் கெடக்கு மேடம். ஆபரேஷன்னா பயம். கறுப்பா ஆனாதான் அவருக்கு நீலமாத் தெரியும்," என்றார் குடுவையைக் குலுக்கிக்கொண்டே.

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். தான் பார்க்கறது கறுப்புன்னு அவருக்கு மட்டும்தான் தெரியாது."

சான்றிதழில் மூன்று கையெழுத்து இருந்தாலும் அச்சில் வருகிற பெயர் ஒன்றுதான், 'பரிசோதித்தவர்' என்று சொட்டம்மாவின் பெயர். ஏன் என்று கேட்டதற்குத் துணை இயக்குநர் விளக்கம் சொன்னார். நீலம் மேலதிகாரிகளுடையது, சொட்டு அவளுடையது. நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் நீலத்தை யாரும் கேட்க மாட்டார்கள், சொட்டைத்தான் கேட்பார்கள். சொட்டம்மா வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். வந்த புதிதில் எதற்கு வம்பு என்றுதான் நினைத்தாள்.

அந்த எண்ணம் ஒரு மாதம் தாங்கியது.

அவளுடைய அண்ணன் லாரி ஓட்டுகிறவன். விபத்தில் கால் நசுங்கி, அரசு ஆஸ்பத்திரியின் நீண்டநாள் நோயாளிகள் வார்டில் நான்கு மாதமாகப் படுத்திருந்தான். எலும்பு கூடிவிட்டது, புண் மட்டும் மூடமாட்டேன் என்றது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது தலையணை உறையில் ரத்தக்கறை இருந்தது. ஈறிலிருந்து கசிகிறதாம்.

"டாக்டரே குழம்பிப்போய் இருக்கார்," என்றாள் அண்ணி. "சத்துக் கொறைச்சலா இருக்கும்னு மொதல்ல நெனச்சாராம். ஆனா வைட்டமின் மாத்திரைதான் தினமும் குடுத்துட்டு இருக்காங்களே, அதனால அது இருக்காதுன்னுட்டார். இப்ப ரத்தத்துல வேற ஏதோ பெரிய வியாதி இருக்கான்னு தேடுறாங்க."

சொட்டம்மா அலமாரி மேலிருந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். தொகுதி எண் அவளுக்கு மனப்பாடம். அவள் கையால் நாற்பத்திரண்டு சொட்டு அதிகமாக விட்ட அதே சரக்கு. சோதனையின்போதே எண்பத்திரண்டு சதவீதம், வெயிலிலும் ஈரத்திலும் கோடவுனில் கிடந்து வார்டுக்கு வருவதற்குள் அது இன்னும் எவ்வளவோ குறைந்திருக்கும். ஆரஞ்சு வாங்கி வந்திருந்தாள். வெளிச் சாப்பாடு வார்டுக்குள் வரக் கூடாதென்று காவலாளி பையை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டான். அப்படியே உள்ளே கொண்டுவந்தாலும் அந்த வார்டில் நாற்பது கட்டில். ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் அதே அட்டை.

அடுத்த சரக்கு வந்தபோது அவள் ஒரு காரியம் செய்தாள். இயக்குநரின் கறுப்பு வரும்வரை காத்திருந்து, கையெழுத்தெல்லாம் ஆனபிறகு, குறிப்பு என்கிற கட்டத்தில் பொடி எழுத்தில் எழுதினாள்: 'எனக்கு 20.4-இலேயே நீலம் தெரிந்தது.'

மூன்றாம் நாள் குறிப்பாணை வந்தது. இன்ன தேதியில், உரிய அதிகாரம் இல்லாமல், மேலதிகாரிக்கு முன்னதாகவே நீலத்தைக் கண்டதற்காகவும், கண்டதை எழுத்தில் வெளியிட்டதற்காகவும் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.

சொட்டம்மா நாலு தரம் படித்தாள். குடிதண்ணீர் நிலையத்திலும் முட்டாள்தனம் உண்டு, ஆனால் அங்கே தண்ணீர் கலங்கியிருந்தால் கலங்கியிருக்கிறது என்று எழுத விடுவார்கள். விளக்கம் எழுத உட்கார்ந்தபோது எதை எழுதுவது என்று புரியவில்லை. கடைசியில், 'பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. குடுவை கையில் இருந்ததால் தெரிந்துவிட்டது. இனி இவ்வாறு நிகழாது,' என்று எழுதிக் கொடுத்தாள். விளக்கம் ஏற்கப்பட்டது. குறிப்புக் கட்டம் படிவத்திலிருந்து நீக்கப்பட்டது.

இனிமேல் ஒரே வழிதான் என்று அவளுக்குப் பட்டது. நீலத்தை மாற்ற முடியாது, கண்ணை மாற்றலாம். கோப்பு கொண்டுபோகிற சாக்கில் இயக்குநரிடம் பேச்சுக் கொடுத்தாள். அண்ணிக்கு ரெண்டு கண்ணுக்கும் புரை ஆபரேஷன் பண்ணினார்கள், பத்து நிமிஷம், வலியே இல்லை, மறுநாளே ஊசியில் நூல் கோத்தாள் என்று அளந்தாள். அண்ணிக்கு ஒரு கண்ணிலும் எதுவும் பண்ணவில்லை. ஆனால் இயக்குநரின் முகத்தில் ஒரு சபலம் தட்டியதை அவள் பார்த்தாள். தினமும் அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். மூன்றாவது வாரம் அவர் லீவு போட்டார். தைரியம் ஒரு கண்ணுக்குத்தான் போதுமானதாக இருந்தது. இடது கண் மட்டும்.

அவர் திரும்பி வந்த நாளை சொட்டம்மா ரொம்ப காலத்துக்கு மறக்கமாட்டாள். பெரிய கம்பெனியின் புதுச் சரக்கு மேஜையில் இருந்தது. இருபது புள்ளி மூன்றில் அவளுக்கு நீலம் தெரிந்தது. துணை இயக்குநர் வழக்கம்போல எட்டு சொட்டுக்கு வாயைத் திறந்தார். அதற்குள் இயக்குநர் உள்ளே வந்து, புகைக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"நிறுத்துங்க. நீலம். அருமையான நீலம்."

தேறவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கம்பெனிச் சரக்கு தேறவில்லை. பரிந்துரைக்க ஒன்றும் மிச்சமில்லாமல் துணை இயக்குநர் இரண்டு பேனாவையும் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு போனார். சொட்டம்மா அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, முழுக்கச் சாப்பிட்டாள். சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் முப்பத்தோரு வருஷமாகக் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்குத் திடீரென்று நிறம் கிடைத்தால் சும்மா இருப்பாரா. மறுநாளே சுற்றறிக்கை வந்தது. இனி பரிசோதனையை முதல் சொட்டிலிருந்தே இயக்குநர் நேரில் பார்வையிடுவார்.

அடுத்து வந்தது வேறொரு சின்னக் கம்பெனியின் சரக்கு. பெரிய கம்பெனி தோற்றதால், ஆஸ்பத்திரிக்கு அவசரமாக வரவழைத்த மாற்று மாத்திரை. சொட்டம்மா கணக்குப் போட்டு வைத்திருந்தாள், குறைந்தது இருபத்துநாலு மில்லி போகும். திருகைத் திறந்தாள். நாலாவது மில்லியில் இயக்குநர் கையைத் தூக்கினார்.

"போதும். வந்துடுச்சு."

"சார், தண்ணி மாதிரி இருக்கு சார்."

"உங்களுக்கு. எனக்குத் தெரியுது. லேசான, சுத்தமான நீலம்." அவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "இந்தச் சுவருக்குக்கூட எப்ப நீலம் அடிச்சாங்க? நல்லாத்தான் இருக்கு."

சுவர் வெள்ளை. குடுவை கழுவுகிறவர் பின்னால் நின்று முணுமுணுத்தார். அவருடைய மாமனாருக்கும் இப்படித்தான் இருந்ததாம். மஞ்சள் பிடித்த பழைய லென்ஸ் வழியாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, புதுசு வைத்ததும் கொஞ்ச நாள் உலகமே நீலம் பூசினாற்போல் தெரியுமாம். ரெண்டு மூணு மாதத்தில் தானாகச் சரியாகிவிடுமாம்.

நல்ல மாத்திரை பதினாறு சதவீதம் என்று சான்றிதழ் போயிற்று. பெயர் சொட்டம்மாவுடையது. சின்னக் கம்பெனிக்காரர்கள், தாங்கள் மாத்திரை மட்டும்தான் செய்கிறோம், அதற்கு மேல் தங்களால் ஆகாது என்று ஒரு வரிக் கடிதம் எழுதி விலகிக்கொண்டார்கள். பெரிய கம்பெனி அப்படியெல்லாம் விடுமா. வக்கீலை வைத்து மேல்முறையீடு போட்டது. மனுவில் ஒரே ஒரு கேள்வி: தங்கள் சரக்கு இடது கண்ணால் பார்க்கப்பட்டிருக்கிறது, ஆனால் கடந்த பதினோரு வருஷமும் இரண்டு கண்ணாலும் பார்க்கப்பட்டு வந்தது. எனில், சட்டப்படி இயக்குநர் என்பவர் எந்தக் கண்?

கூடம் ஆடிப்போயிற்று. கையேட்டில் இதற்குப் பதில் இல்லை. சட்ட அலுவலரை வரவழைத்தார்கள். நீள மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். சொட்டு சம்பந்தப்பட்டவள் என்பதால் சொட்டம்மாவுக்கும் ஓரத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது.

"அதிகாரம் ஆளுக்குக் கிடையாது, பதவிக்குத்தான்," என்று சட்ட அலுவலர் ஆரம்பித்தார். "பதவிக்கு ரெண்டு கண். ரெண்டும் சமம். ஒரு கண் சொன்னதை இன்னொரு கண் ரத்து பண்ண முடியாது. ஆனா பாதிக்கப்பட்டவங்க கேட்டா, இன்னொரு கண்ணுக்கு மேல்முறையீடு பண்ணிக்கலாம்."

"அப்ப எதுதான் சரி?" என்று கேட்டார் இயக்குநர். குரலில் நிஜமாகவே குழப்பம் இருந்தது.

"சரி தப்புக்குள்ள நான் போகலை சார். நடைமுறையைத்தான் சொல்றேன்."

சொட்டம்மாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "சார், பியூரெட்டுக்குப் பக்கத்தில் யாராவது ஒருத்தர், நல்லாக் கண் தெரியிற ஒருத்தர் நின்னா போதும் சார். வாசல்ல நிக்கிற காவலாளி பார்த்தாக்கூடச் சொல்லிடுவார்."

துணை இயக்குநர் மென்மையாகச் சிரித்தார். "அப்புறம் நாமெல்லாம் எதுக்கு மேடம் இருக்கோம்?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே 'மேல்முறையீடு: வலது கண்' என்று கோப்பில் எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை வலது கண் கூடியது. இடது கண்ணுக்குப் பஞ்சு வைத்துக் கட்டினார்கள். சொட்டம்மா திருகைத் திறந்தாள். இருபது புள்ளி மூன்றில் நீலம் வந்தது. அவளுடைய பதவிக்கு அது தற்காலிகம். கை பாட்டுக்கு விட்டுக்கொண்டே இருந்தது. கூடுதலாக நாற்பத்தெட்டு சொட்டு. இருபத்திரண்டு புள்ளி ஏழில் இயக்குநர், "ஆங், லேசா வருது," என்றார். தோற்ற சரக்கு தேறியது.

சான்றிதழைத் துணை இயக்குநரே அவள் மேஜைக்குக் கொண்டுவந்தார். அவள் பேனாவைத் தொடவில்லை.

"நான் போடமாட்டேன் சார். வேலையே போனாலும் சரி."

அவர் கோபப்படவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரும் களைத்துத்தான் இருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"போடாதீங்க. உங்களை யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க. கையெழுத்து இல்லைன்னா சரக்கு கோடவுன்லயே கிடக்கும். சின்னக் கம்பெனிக்காரன் ஓடிப்போயிட்டான். ஆஸ்பத்திரியில நாலு வாரமா ஒரு மாத்திரை இல்லை. உங்க அண்ணன் அங்கதானே இருக்கார்?" சான்றிதழை அவள் பக்கம் நகர்த்தினார். "நீங்க சொல்ற கணக்குப்படியே இதுல எண்பது சதவீதம் இருக்கு. எண்பது வேணுமா, பூஜ்யம் வேணுமா? நீங்களே முடிவு பண்ணுங்க. இந்தக் கூடத்துல உங்ககிட்ட முடிவு கேட்கறது இதுதான் முதல் தடவை."

சொட்டம்மா அந்தத் தாளில் 'பரிசோதித்தவர்' என்று இருந்த தன் பெயரைப் படித்தாள். நாற்பது கட்டில். நூறு வேண்டும் என்று அடம்பிடித்தால் பூஜ்யம்தான் போகும். எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தன. கையெழுத்துப் போட்டாள். துணை இயக்குநர் தாளை வாங்கி ஊதிக் காயவைத்து எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வார்டுக்குப் போனபோது அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வாய் ஓரத்தில் பஞ்சு. முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. கடைவீதியில் யாரோ விற்ற மாத்திரையைச் சாப்பிட்டு எதிர்க் கட்டில்காரருக்குப் போன மாதம் உடம்பு வீங்கிவிட்டதாம். அதிலிருந்து மாத்திரை என்றாலே அந்த வரிசைக்கே பயம். புது அட்டை வந்து ரெண்டு நாளாகியும் யாரும் தொடவில்லை என்று நர்ஸ் அலுத்துக்கொண்டாள்.

அண்ணன் அட்டையை எடுத்துத் தங்கையிடம் நீட்டினான். "என்னம்மா, இது நம்பிச் சாப்பிடலாமா?"

சொட்டம்மாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் போல் இருந்தது. இருபது புள்ளி மூன்று, நாற்பத்தெட்டு சொட்டு, பஞ்சு வைத்த கண், நீலமாகத் தெரிந்த வெள்ளைச் சுவர் எல்லாம். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. திட்டினால் திட்டட்டும், அறைந்தால் அறையட்டும் என்று, இருப்பதிலேயே பெரிய குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டாள்.

"அண்ணே, இதுக்குக் கையெழுத்துப் போட்டதே நான்தான்."

அண்ணன் முகத்தில் இருந்த பயம் அப்படியே விலகிப்போயிற்று. எதிர்க் கட்டிலைப் பார்த்து, வரிசைக்கே கேட்கிறமாதிரி, "எல்லாரும் தைரியமாச் சாப்பிடுங்கப்பா, என் தங்கச்சி பார்த்து விட்டது," என்றான். அட்டைகள் ஒவ்வொன்றாகக் கிழிகிற சத்தம் கேட்டது. அவனும் ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீருக்காக அவளிடம் கையை நீட்டினான்.